முக்கால் டன் வண்டியும் சாய்ந்த மரமும்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தோப்புகளெல்லாம் சாய்ந்து கிடந்தன. அடுத்த பல வாரங்களுக்கு எங்கள் ஊர்களில் எல்லோரும் தேடியது பொக்லைனைத்தான். இருந்த பொக்லைன்கள் சாலையில் கிடந்த மரங்களையும் மின்கம்பங்களையும் எடுக்கப் போய்விட்டன. அதுதான் முறை, ஆம்புலன்சும் தண்ணீர் வண்டியும் முதலில் போக வேண்டும். தோப்புக்குள் கிடந்த மரங்கள் காத்துக் கிடந்தன.

அப்போதுதான் என் மினி டிராக்டருக்கு மரம் எடுக்கும் வேலை வரத் தொடங்கியது. 24 எச்.பி., நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. தென்னை வரிசைக்குள் உழவும் தேங்காய் ஏற்றவும் வாங்கியது. முன்னால் மாட்டிய எடைக்கட்டைகளையும் என்னையும் சேர்த்தால் ஏறத்தாழ முக்கால் டன் தேறும். பொக்லைன் ஏழெட்டு டன். நவம்பர் மாத ஈரத்தில் அது தோப்புக்குள் இறங்கினால் வரப்பு உடையும், மண்ணுக்கடியில் ஓடும் பி.வி.சி. குழாய் நொறுங்கும், சக்கரம் போன தடம் அடுத்த கோடைவரை இறுகிக் கிடக்கும். என் வண்டி நாலடி இடம் கிடைத்தால் நுழைந்துவிடும், வாய்க்கால் மேல் ரெண்டு பலகை போட்டால் கடந்துவிடும். சின்ன வண்டிக்கு இருக்கிற பெரிய பலம் இதுதான். இழுவையில் அது பொக்லைனுக்கு ஈடாகாது. இந்த வேலையில் நான் நம்புவது வரிசையைத்தான். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை சரியாக இருந்தால் முக்கால் டன் வண்டி ஒரு பெருமரத்தை முழுசாக அகற்றிவிடும். வரிசை தப்பினால் உயிர் போகும்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு தோப்பில் எடுத்த தூங்குமூஞ்சி மரத்தை வைத்துச் சொல்கிறேன். நிழலுக்காக வாய்க்கால் ஓரம் வைத்த மரம். அந்த மரத்தின் கிளைகள் குடை விரிப்பதுபோல அகலமாகப் பரவும். தண்ணீர் மேலேயே கிடைக்கிற இடத்தில் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடும். அகலமான தலை, ஆழமில்லாத கால், அடியில் ஊறிய மண். வேரோடு பெயர்ந்து, மோட்டார் கொட்டகையின் ஓரத்தைச் சாய்த்துக்கொண்டு, வாய்க்காலின் குறுக்கே விழுந்து கிடந்தது.

தோப்புக்காரர் எழுபதைத் தாண்டியவர். வண்டியைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“தம்பி, இந்தக் குட்டி வண்டியா இதை இழுக்கப் போவுது?”

“முழுசா இழுக்காதுங்க ஐயா. அளவா நறுக்கினா ஒவ்வொண்ணா கொண்டுபோயி ரோட்டுல வச்சிரும்.”

முதல் வேலை வண்டியை எடுப்பதல்ல, மரத்தைச் சுற்றி நடப்பது. மின்கம்பி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஊரே இருட்டில் கிடந்தாலும் கம்பியில் கரண்ட் இல்லை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. எங்கோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து லைனுக்குள் கரண்ட் திரும்பி வரும். மின்வாரிய ஆள் வந்து கம்பியைக் கழற்றிவிட்டேன் என்று சொல்லும்வரை அந்த மரத்தில் கை வைப்பதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. அடுத்தது பாம்பு. வெள்ளத்துக்குப் பயந்து மேடேறிய பாம்புகளுக்குச் சாய்ந்த மரத்தின் தழையும் தூரின் பொந்தும் நல்ல இடம். நீளக் கழியால் தட்டிப் பார்க்காமல் யாரும் உள்ளே கை நீட்டுவதில்லை.

அதற்குப் பிறகு, மரத்தின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படிக்க வேண்டும். விழுந்த மரம் தரையில் சும்மா படுத்திருப்பதில்லை. சில கிளைகள் மண்ணில் குத்தி மொத்த மரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். சில கிளைகள் அடியில் மாட்டி வில்லாக வளைந்திருக்கும். தாங்குகிற கிளையை வெட்டினால் அடிமரம் புரளும். வளைந்த கிளையை வெட்டினால் அது விசிறி அடிக்கும். எது சும்மா தொங்குகிறது, எது தாங்குகிறது, எது வளைந்து நிற்கிறது என்று மூன்றாகப் பிரித்து, மரம் அறுக்கிற அண்ணன் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் குறி போடுவார். தொங்குகிறவை முதலில், வளைந்தவை அடுத்து, தாங்குகிறவை கடைசியில்.

கிளை கழிப்பதில்தான் பாதிக்கு மேல் நேரம் போகும். மெஷினால் அறுப்பது சீக்கிரம் முடிந்துவிடும். அறுத்ததை அப்புறப்படுத்தாவிட்டால் அடுத்த அறுப்புக்குக் கால் வைக்க இடமிருக்காது. டிராக்டர் நிஜமாகக் கைகொடுப்பது இங்கேதான். பத்துப் பதினைந்து கிளைகளை அடி ஒரு பக்கமாக வருகிற மாதிரி அடுக்கி, சங்கிலியால் சுருக்கிட்டு, அடிப்பக்கத்தை முன்னால் வைத்து இழுத்தால் தழை தானாக மடங்கிப் பின்னால் வரும். நுனியை முன்னால் வைத்து இழுத்தால் ஒவ்வொரு மிலாறும் மண்ணில் குத்தி வண்டியை நிறுத்தும். விறகுக்கு ஆவதைத் தனியாகவும் மிலாறைத் தனியாகவும் குவித்துவிட்டால் பிறகு யாரும் ரெண்டாம் முறை அதைத் தொட வேண்டியதில்லை. ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஆள் சொல்லிவிட்டால் தழை அன்றைக்கே காலியாகும்.

கிளை கழிந்து அடிமரம் வெளியே தெரிந்தபிறகு கணக்குப் போட வேண்டும். மரவாடிகளில் உருட்டுக் கட்டையை அளக்க ஒரு பழைய வழி உண்டு. சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி வரும். இந்த மரத்தின் சுற்றளவு எட்டடி. நாலால் வகுத்தால் ரெண்டு. ரெண்டும் ரெண்டும் நாலு. பத்தடி நீளத்துக்கு 40 கன அடி. மரம் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். அறுப்பில் போகும் கழிவு அதிலேயே கழிந்துவிடுகிறது. இழுக்கிறவனுக்கு இது போதாது. கட்டையின் உண்மையான கன அளவு இதைவிட 27 சதவீதம் அதிகம், அந்த எடை முழுவதும் சங்கிலியில்தான் வரும். பச்சை மரம் ஒரு கன மீட்டர் சுமார் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், எட்டடிச் சுற்றளவுள்ள கட்டை அடிக்கு ஏறத்தாழ 145 கிலோ. பத்தடிக் கட்டை ஒன்றரை டன்னை நெருங்கிவிடும்.

வண்டியின் கணக்கு வேறு. எச்.பி. எவ்வளவு இருந்தாலும், சக்கரம் மண்ணைப் பிடிக்கிற அளவுக்குத்தான் இழுவை. ஈரமண்ணில் ஒரு டிராக்டர் தன் எடையில் பாதியை இழுவிசையாகக் கொடுத்தாலே நல்ல பிடிப்பு என்று சொல்வேன். என் வண்டிக்கு அது 350, 400 கிலோ. கட்டையை வெறும் மண்ணில் இழுக்க அதன் எடையில் பாதிக்கு மேல் விசை வேண்டும். ஆக 600 கிலோ கட்டைதான் எல்லை. இந்த மரத்தில் அது நாலடித் துண்டு.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. நாலடி நாலடியாக நறுக்கினால் மொத்தமும் விறகு விலைக்குப் போய்விடும். பலகை அறுக்க எட்டடி நீளமாவது வேண்டும். தோப்பை இழந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒரே காசு அந்த அடிமரம். என் வசதிக்காக அதைத் துண்டாக்கிக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனம் வராது. அதனால் வண்டியின் இழுவை போதாத இடத்தில் கப்பியைச் சேர்க்கிறேன்.

இரும்பு வடத்தின் ஒரு நுனியை அசையாத ஓரிடத்தில் கட்டி, கட்டையில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி, மறு நுனியை டிராக்டரில் மாட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வண்டி ரெண்டடி நகர்ந்தால் கட்டை ஓரடி நகரும்; இந்த வேலையில் மெதுவாக நகர்வது நல்லதுதான். வடத்தைக் கட்டுகிற மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். புயலில் தப்பி நிற்கிற தென்னை திடமாகத்தான் தெரியும், ஆனால் அடியில் வேர் ஆட்டம் கண்டிருக்கும். அதில் கட்டினால் கட்டைக்குப் பதில் தென்னை வரும். நாங்கள் வரப்போரம் நின்ற ஒரு முதிர்ந்த பூவரசில், பட்டை அறுபடாமல் சாக்கு சுற்றிக் கட்டினோம். கட்டைக்கு அடியில் சவுக்குக் கழிகளைக் குறுக்கே போட்டோம். எட்டடிக் கட்டை, ஒரு டன்னுக்கு மேல், சேற்றில் புதையாமல் வாய்க்காலைத் தாண்டி வந்தது.

அறுப்பதிலும் எடையைப் படிக்கத் தெரிய வேண்டும். கட்டை ரெண்டு முனையிலும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கினால், மேல்பக்க நார் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்க நார் இழுபட்டிருக்கும். மேலிருந்து முழுசாக அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு மெஷினின் பிளேடைக் கவ்விவிடும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர் எதிர்: முதலில் கீழிருந்து, பிறகு மேலிருந்து. முதல் அறுப்பில் கொஞ்சம் போனதும் ஆப்பு அடித்துவிட்டால் வெட்டு திறந்தே நிற்கும். அறுக்கிறவர் சரிவின் மேல்பக்கம்தான் நிற்க வேண்டும்; அறுபட்ட கட்டை உருளுகிற பக்கத்தில் யாருக்கும் வேலையில்லை.

டிராக்டரில் சங்கிலியை எங்கே மாட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. வண்டியின் பின்னால் தாழ்வாக உள்ள டிராபாரில் மட்டுமே மாட்டலாம். டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ, சீட்டுக்கு அடியிலோ, பின் அச்சைச் சுற்றியோ மாட்டினால், கட்டை எங்காவது தட்டி நின்ற நொடியில் பின்சக்கரம் சுழல வழியில்லாமல் வண்டியே அச்சைச் சுற்றி மேலெழும்பும். முன்பக்கம் தூக்கி, பின்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழும். ஒரு நொடிகூட ஆகாமல் அது கை மீறிப் போய்விடும். கிளட்சை மிதிக்கலாம் என்று மனம் நினைப்பதற்குள் முடிந்துவிடும். உருளும்போது காக்கிற இரும்பு வளைவு என் வண்டியில் இருக்கிறது. சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் அது காக்கும்; போடாதவரை அந்த வளைவே நசுக்கிவிடும். மரம் இழுக்கும்போது நான் பெல்ட் இல்லாமல் ஏறுவதில்லை. பக்கத்தில் மட்கார்டில் யாரையும் உட்கார விடுவதுமில்லை.

கட்டையின் மூக்கை லிஃப்ட் கொண்டு சற்றுத் தூக்கி இழுத்தால் அது மண்ணை உழாது, எடையில் ஒரு பங்கு பின்சக்கரத்தில் ஏறிப் பிடிப்பும் கூடும். ஆனால் ஒரு சாண் எழும்பினால் போதும். கொக்கி பின் அச்சின் மட்டத்துக்கு மேல் போகவே கூடாது. லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். அதை நம்பி முழுக் கட்டையைத் தூக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் மொத்த எடையே அவ்வளவுதான் என்பதை நினைத்தால் போதும்: கட்டை எழும்புவதற்கு முன் முன்சக்கரம் எழும்பும். முன்சக்கரம் மண்ணைத் தொடாத வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை.

கட்ட எதை எடுப்பது என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நைலான் கயிறு இழுபட இழுபட நீளும். நீண்ட கயிறு அறுந்தால் அந்த விசை முழுவதும் திரும்பி வரும், நுனியில் கொக்கி இருந்தால் அது குண்டாகப் பறக்கும். சங்கிலி நீளாது. 8 மில்லிமீட்டர் தடிப்பில், 80 என்ற தர எண் பொறித்த சங்கிலி 2 டன்வரை வேலைச்சுமை தாங்கும்; என் வண்டி இழுக்கக்கூடியதைப்போல ஐந்து மடங்கு. கடையில் எடைபோட்டு விற்கும் தர எண் இல்லாத சங்கிலியை மாடு கட்ட வைத்துக்கொள்ளலாம். கப்பியோடு இரும்பு வடம் போடும்போது நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைத் தொங்கவிடுவோம். வடம் அறுந்தால் சாக்கின் எடை அதைத் தரையோடு அமுக்கும். வடத்தின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் நிற்பதில்லை. இழுக்கத் தொடங்கும்போது நாலு சக்கர ஓட்டம், தாழ்ந்த கியர், சங்கிலி விறைப்பாகும்வரை ஊர்ந்து வந்து, அதன் பிறகே அழுத்தம். ஓடிவந்து வெட்டி இழுத்தால் முதலில் உடைவது சங்கிலியல்ல, வண்டியின் கியர் பெட்டி.

மரத்திலேயே மிக ஆபத்தான இடம் தூர். வேரோடு பெயர்ந்த மரத்தின் தூர், மண்ணைக் கட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்குச் சுவராக நிற்கும், அடியில் பள்ளம் திறந்து கிடக்கும். அடிமரத்தின் எடைதான் அதைச் சாய்த்து வைத்திருக்கிறது. அடிமரத்தை அறுத்தெடுத்ததும் தூர் விசையோடு நிமிர்ந்து பள்ளத்துக்குள் விழலாம். சிறுபிள்ளைகள் விளையாட இறங்குவது அந்தப் பள்ளத்தில்தான். அறுக்கத் தொடங்குமுன் பள்ளத்தைச் சுற்றிப் பார்த்து, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துகிறோம். ஐந்தாறு அடி அடிமரத்தைத் தூரோடு விட்டுத்தான் அறுப்போம். அந்த நீளம் ஒரு பக்கம் எடையாக இருந்து திடீரென நிமிர்வதைத் தடுக்கும். பிறகு நெம்புகோலாகவும் உதவும். எல்லோரும் விலகியபிறகு, பள்ளத்துக்கு அப்பால் நின்று, அந்த நீட்டலின் நுனியில் சங்கிலி போட்டு இழுத்தால் தூர் நிமிர்ந்து தன் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். பள்ளமும் தூர்ந்துவிடும், வண்டி நிறைய மண் அடிக்கும் செலவும் மிச்சம். நீட்டலைக் கடைசியில் தரையோடு அறுத்துக்கொள்ளலாம்.

கட்டைகள் ரோட்டோரம் வந்தபிறகு அவற்றை டிராக்டர் பெட்டியில் ஏற்ற கிரேன் கிடைக்காது. மரவாடிக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பெட்டியைக் கழற்றி முட்டுக்கொடுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ரெண்டு தடித்த கழிகளைச் சரிவாகச் சாத்தினோம். ரெண்டு வடங்களின் நுனிகளைப் பெட்டியின் விளிம்பில் கட்டி, கட்டைக்கு அடியில் விட்டு, மேலே சுற்றி எடுத்து, பெட்டியின் மறுபக்கம் நிற்கும் டிராக்டரில் சேர்த்தோம். வண்டி நகர நகர கட்டை தானே உருண்டு மேலேறுகிறது. கட்டையே கப்பியாக வேலை செய்வதால் பாதி விசை போதும். ரெண்டு வடமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டை கோணிக்கொண்டு சரியும். ஏறுகிற கட்டையின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

பெருமரம் போனபிறகும் தோப்பில் தென்னைகள் கிடந்தன. அவற்றை எடுப்பதில் இவ்வளவு வித்தை இல்லை, எண்ணிக்கைதான் மலைப்பு. 25 அடி இடைவெளியில் வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு 175 தென்னை. அரசு அறிவித்த நிவாரணம் ஒரு தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்றுவதற்கு 500 ரூபாய், ஆக 1,100. மரத்தின் இழப்புக்கும் அதை எடுக்கும் கூலிக்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். எல்லாத் தோப்பிலும் மரம் கிடந்ததால் தென்னங்கட்டை வாங்க ஆளில்லை. வெளிப்பக்கம் இரும்பாக இறுகிய நார், அதில் ஒட்டிய சேறு; மெஷினின் சங்கிலிப் பல் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி அரம் போட வேண்டும்.

“கெடக்கட்டும் தம்பி, தானா மக்கிப் போயிரும்” என்று சொன்ன தோப்புக்காரர்கள் உண்டு. களைத்துப் போன மனிதர்கள், அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் மக்குகிற தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். அங்கே வளர்ந்த வண்டு பிழைத்து நிற்கும் தென்னையின் குருத்தையும், புதிதாக வைத்த கன்றையும் துளைக்கும். அது துளைத்த காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். புயலில் போனது ஒரு தோப்பு என்றால், எடுக்காமல் விட்ட கட்டையால் அடுத்த தோப்பும் போகும். எடுக்க முடியாத கட்டைகளைப் பிளந்து காயவிடச் சொன்னோம். குவித்த இடங்களில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தைத் தெளித்தால் புழு நோய்வாய்ப்பட்டு அழியும். செய்தவர்களின் கன்றுகள் நன்றாகத் தேறி வந்தன.

இந்த வேலையைப் பார்த்த பிறகு எனக்கு ஓர் உறுதியான எண்ணம் இருக்கிறது. டெல்டாக் கரைக்குப் புயல் மறுபடி வரும். ஊருக்கு ஒரு பொக்லைன் நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. மினி டிராக்டர் ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகை மையங்களும் ரோட்டவேட்டரும் கலப்பையும் வாடகைக்குக் கொடுக்கின்றன. அதோடு தர எண் போட்ட சங்கிலி, ரெண்டு கப்பி, இரும்பு வடம், மரம் அறுக்கிற மெஷின், தலைக்கவசம் கொண்ட ஒரு பெட்டியையும் ஒவ்வொரு மையத்திலும் வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு ரோட்டவேட்டரின் விலையைத் தாண்டாது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒவ்வொரு ஒன்றியத்திலும் டிராக்டர் ஓட்டுகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, சங்கிலியை எங்கே மாட்டுவது, கிளையை எந்த வரிசையில் கழிப்பது, தூருக்குப் பின்னால் ஏன் நிற்கக் கூடாது என்று ஒரு நாள் காட்டிக்கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்து காட்டிக்கொடுக்கிறேன். புயலில் தப்பித்த ஒருவர், புயல் சாய்த்த மரத்தை எடுக்கப் போய் உயிர் விடுகிற நிலை எங்கள் மாவட்டத்தில் இனி வரக் கூடாது.